எடிசன் திரும்பப் பெற்ற மின்கலம்

எடிசன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது மின்விளக்கு. அடுத்து ஒலிப்பதிவுக் கருவி. அதற்கும் அடுத்துத் திரைப்படம். ஆரம்பப் பள்ளிப் பாடநூலிலிருந்து இன்று வரை அவரைப் பற்றி நாம் படித்தவையெல்லாம் பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையே. ஆனால் அவர் பத்தாண்டுக் காலம் பாடுபட்டு, நடுவழியில் தோற்று, அத்தோல்வியை ஊரறிய ஒப்புக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி முடித்த பணி ஒன்று உண்டு. அதுவே நிக்கல்-இரும்பு மின்கலம். நமது இயற்பியல் நூல்களில் துணை மின்கலங்கள் என்னும் தலைப்பின் கீழ் சில வரிகளில் அது முடிந்துவிடுகிறது. அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருப்பதை நானும் அண்மைக் காலம் வரை அறியாதவனாகவே இருந்தேன்.

நான் இதனை ஆராயப் புகுந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். என் தந்தையார் விவசாயி. இரவில் மோட்டாருக்கு மின்சாரம் வரும் நாட்களில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் செல்வார். அவர் கையிலிருப்பது மூன்று சிறிய பேட்டரிக் கட்டைகள் போடும் டார்ச் விளக்கு. கட்டை தீரத் தீரக் கடையில் புதிது வாங்குவதும், தீர்ந்ததை வேலியோரம் வீசுவதும் வழக்கம். சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது, மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டைகளைப் பெருமையோடு எடுத்துச் சென்றேன். விடுதியில் ஓராண்டாக நான் பயன்படுத்தி வந்தவை இரண்டு, புதிதாக வாங்கியது ஒன்று, ஆக மூன்றையும் விளக்கில் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு, நடு வரப்பில், விளக்கு மங்கிக்கூட எச்சரிக்காமல் ஒரேயடியாக அணைந்துவிட்டது. பாம்பு நடமாடும் வரப்பு அது. இருட்டில் காலால் தடவித் தடவி அவர் வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் பழையபடி கடைக் கட்டைகளையே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இயற்பியல் படிக்கிற பிள்ளை கொடுத்த பொருளில் தவறு இருக்காது, தமக்குத்தான் அதைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம். கடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன். இந்தச் சொல்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தவறு எங்கே என்று தேடத் தொடங்கினேன். தேடிய வழியில் எடிசனைக் கண்டேன்.

இளமையும் மின்கலமும்

தாமஸ் ஆல்வா எடிசன் 1847-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தைச் சேர்ந்த மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஏழாவது பிள்ளை, கடைக்குட்டி. 1854-இல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள போர்ட் ஹூரனுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவர் பயின்றது சில மாதங்களே. அதன்பின் எழுத்தறிவித்தவர் அவருடைய அன்னையே. பன்னிரண்டு வயதில் போர்ட் ஹூரனுக்கும் டெட்ராய்ட் நகருக்கும் இடையே ஓடிய இரயிலில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்றார். இரயில் பெட்டியின் ஒரு மூலையில் சிறு அச்சுப்பொறியை வைத்துக்கொண்டு தாமே ஒரு வார இதழும் நடத்தினார். இளமையிலேயே காது மந்தமாகத் தொடங்கியது. அக்குறை வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை.

1862-இல் ஒரு நிலையத்தில், ஓடிவந்த இரயில் பெட்டியின் பாதையில் நின்ற குழந்தையைப் பாய்ந்து காப்பாற்றினார். அக்குழந்தையின் தந்தை அந்நிலையத்தின் அதிகாரி. நன்றிக்கடனாக அவர் எடிசனுக்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார். அக்காலத்தில் மின்சாரம் வீடுகளுக்கு வரவில்லை. மின் உற்பத்தி நிலையம் என்பதே இல்லை. தந்திக் கம்பிகளில் ஓடிய மின்சாரம் முழுவதும் கண்ணாடிச் சாடிகளில் அமைந்த மின்கலங்களிலிருந்தே கிடைத்தது. எனவே எடிசன் முதன்முதலில் பழகிய மின்சாரம் மின்கலத்தின் மின்சாரமே.

அப்பழக்கம் அவருக்குத் தீமையும் செய்தது. லூயிவில் நகரில் இரவுப் பணியாளராக இருந்தபோது, 1867-இல், மின்கலத்தை வைத்து ஏதோ சோதனை செய்கையில் கந்தக அமிலத்தைக் கொட்டிவிட்டார். அமிலம் தரைப் பலகைகளின் இடுக்கில் வழிந்து, கீழ் அறையிலிருந்த மேலாளரின் மேசை மீது இறங்கியது. மறுநாள் காலையில் வேலை போயிற்று. அமிலத்தின் மீது அவருக்குப் பின்னாளில் இருந்த வெறுப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்நிகழ்ச்சியே நினைவுக்கு வரும்.

அதன்பின் நிகழ்ந்தவை நாம் அனைவரும் அறிந்தவை. 1876-இல் மென்லோ பார்க்கில் ஆராய்ச்சிச் சாலை, 1877-இல் ஒலிப்பதிவுக் கருவி, 1879-இல் மின்விளக்கு, 1882-இல் நியூயார்க் நகரில் மின் நிலையம், 1887-இல் வெஸ்ட் ஆரஞ்சில் அதனினும் பெரிய ஆராய்ச்சிச் சாலை. ஆனால் 1890-களில் அவர் இறங்கிய ஒரு முயற்சி படுதோல்வி அடைந்தது. தரங்குறைந்த இரும்புத் தாதுவைப் பொடியாக்கிக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் தொழில் அது. அதில் இருபது இலட்சம் டாலருக்கு மேல் இழந்தார். ஐம்பது வயதைக் கடந்து, பெரும்பொருளை இழந்து நின்ற அந்த நிலையில்தான், 1899 வாக்கில், மின்கல ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஏன் இந்த ஆசை?

அக்காலத்தில் குதிரை வண்டிக்கு மாற்றாக எது வரும் என்பது முடிவாகாத கேள்வி. 1900-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 மோட்டார் வண்டிகளில் நீராவியால் ஓடுபவை 1,681, மின்சாரத்தால் ஓடுபவை 1,575, பெட்ரோலால் ஓடுபவை 936. மின்சார வண்டியில் புகையில்லை, இரைச்சலில்லை, கைப்பிடியைச் சுழற்றி உயிர்கொடுக்க வேண்டிய தொல்லையும் இல்லை. அதற்கிருந்த ஒரே நோய் அதன் மின்கலம்.

மின்னேற்றி மீண்டும் பயன்படுத்தத்தக்க காரீய-அமில மின்கலத்தை பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859-லேயே செய்துவிட்டார். நமது மோட்டார் சைக்கிளிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் இன்றும் உழைப்பது அதன் வழிவந்ததே. அது வேண்டிய போது மிகுந்த மின்னோட்டம் தரும். ஆனால் காரீயம் பளுவானது, அமிலம் அரிக்கக்கூடியது, மின்னேற்றாமல் விட்டுவைத்தால் தகடுகள் கெட்டுப்போகும். அமிலம் வேண்டாம், காரீயமும் வேண்டாம் என்று எடிசன் முடிவு செய்தார். அமிலத்திற்கு மாற்றாகக் காரக் கரைசலை, அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடை எடுத்துக்கொண்டார். அக்கரைசலில் கரைந்து அழியாமல், மின்னேற்றத்தின்போது ஒரு நிலைக்கும் மின்னிறக்கத்தின்போது பழைய நிலைக்கும் மாறி மாறித் திரும்பக்கூடிய இரு பொருள்கள் வேண்டும். தாமிரம், காட்மியம், கோபால்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின், நேர்மின்வாய்க்கு நிக்கல் ஹைட்ராக்சைடு, எதிர்மின்வாய்க்கு இரும்பு என்று தெரிந்தெடுத்தார்.

இங்கே நாம் ஒன்றை மறத்தலாகாது. அதே ஆண்டுகளில் சுவீடன் நாட்டில் வால்டெமார் யுங்னர் என்பவரும் இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். 1899-இல் நிக்கல்-காட்மியம் மின்கலத்தைப் படைத்தவர் அவரே. நிக்கலோடு இரும்பையும் சேர்த்துப் பார்த்தவர் அவர். இருவருக்கும் காப்புரிமை வழக்கு நேர்ந்தது. பெரும்பொருள் படைத்த எடிசன் முன் யுங்னரால் நெடுநாள் நிற்க இயலவில்லை. எடிசனைப் புகழும்போது யுங்னரையும் நினைப்பதே நேர்மை.

தோல்வி

1901-இல் எடிசன் சேமக்கலக் கம்பெனி உருவாயிற்று. 1903-இல் ஈ வகை மின்கலம் விற்பனைக்கு வந்தது. காரீய மின்கலத்தைவிட எடை குறைந்தது, வாழ்நாள் மிகுந்தது என்று விளம்பரங்கள் முழங்கின. மின்சார வண்டி வைத்திருந்தவர்கள் விரும்பி வாங்கினர். எடிசனின் பெயரே அதற்குப் போதுமான சான்றாக இருந்தது.

ஆனால் சில மாதங்களில் குறைகள் தலைகாட்டின. எஃகுப் பெட்டிகளின் பற்றுவைத்த இணைப்புகளில் கரைசல் கசிந்தது. அதனினும் கொடிய குறை உள்ளே இருந்தது. நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அதனோடு கிராஃபைட் செதில்களைக் கலந்திருந்தார்கள். மின்னேற்றம் நிகழும்போது அப்பொருள் உப்பும், மின்னிறக்கத்தில் சுருங்கும். நாள்தோறும் இப்படி உப்பிச் சுருங்கியதில் செதில்களுக்கும் நிக்கல் பொருளுக்கும் இடையேயிருந்த தொடர்பு தளர்ந்தது. மின்கலம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் கொள்ளளவு படிப்படியாகக் குறைந்தது. எல்லாக் கலங்களிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தாலாவது சமாளிக்கலாம்; ஒன்று நன்றாக இருக்க மற்றொன்று கெட்டது.

1904-ஆம் ஆண்டின் இறுதியில் எடிசன் செய்ததை எண்ணி வியக்கிறேன். அவர் தொழிற்சாலையை நிறுத்தினார். வாங்கியவர்களில் பலர் அம்மின்கலத்தைக் குறைசொல்லவே இல்லை. காரீய மின்கலத்தைவிட இது மேலென்று எண்ணி மேலும் கேட்டுக்கொண்டிருந்தனர். கையில் ஆர்டர்கள் இருந்தன. இருந்தும் விற்க மறுத்தார். குறைபட்ட மின்கலங்களைத் தம் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டார். தாதுத் தொழிலில் பெரும்பொருளை இழந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒருவர் செய்த செயல் இது. பயன்படுத்துபவர்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று ஒரு சொல்லில் தட்டிக்கழித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

மீண்டும் முதலிலிருந்து

அடுத்த ஐந்தாண்டுகள் சோதனைக் காலம். கிராஃபைட்டை நீக்கினார். அதனிடத்தில் தூய நிக்கல் செதிலை வைக்க விரும்பினார். ஆனால் ஊதினால் பறக்கும் அளவு மெல்லிய செதிலை எவ்வாறு செய்வது? அதற்குக் கண்ட வழி அழகானது. ஓர் உருளையின் மீது மின்முலாம் முறையில் தாமிரம் ஒரு படலம், அதன்மேல் நிக்கல் ஒரு படலம் என்று மாறி மாறிப் படியவைத்தார். பின்னர் அத்தகட்டை உரித்துச் சிறு சதுரங்களாக வெட்டி, தாமிரத்தை மட்டும் கரைத்துவிட்டார். எஞ்சியவை மிக மெல்லிய நிக்கல் செதில்கள். துளையிட்ட எஃகுக் குழாய்களுக்குள் நிக்கல் ஹைட்ராக்சைடு ஓர் அடுக்கு, நிக்கல் செதில் ஓர் அடுக்கு என்று நூற்றுக்கணக்கான அடுக்குகளை இறுக அடைத்தார். தட்டைப் பைகள் உப்பும்போது வளைந்து கொடுக்கும். உருண்டைக் குழாயோ உப்பலைத் தாங்கி இறுக்கத்தைக் காக்கும். கரைசலில் சிறிது லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தபோது கொள்ளளவு கூடியது.

இம்முறை சோதனையையும் மாற்றினார். ஆராய்ச்சிச் சாலையின் மேசை மீது நன்றாக இருப்பது போதாது, வாங்குபவரின் கையில் நன்றாக இருக்க வேண்டும் என்பதைப் பழைய தோல்வி கற்பித்திருந்தது. மின்கலங்களை மாடியிலிருந்து கீழே போடச் செய்தார். இயந்திரங்களில் வைத்து ஓயாமல் குலுக்கினார். வண்டிகளில் ஏற்றிக் கரடுமுரடான நாட்டுப்புறச் சாலைகளில் ஓட்டச் செய்தார். 1909-இல் ஏ வகை மின்கலம் வெளிவந்தது. பத்தாண்டுகளும் பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பொருளும் அதில் கரைந்திருந்தன.

காலத்தின் விளையாட்டு

இனி எடிசனின் கனவு நிறைவேறியது என்று எழுதினால் படிக்க இனிக்கும். ஆனால் அது உண்மையாகாது. அந்த ஐந்தாண்டுகளில் உலகம் காத்திருக்கவில்லை. 1908-இல் ஹென்றி ஃபோர்டின் டி மாடல் பெட்ரோல் கார் சந்தைக்கு வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1896-இல், எடிசன் மின்விளக்குக் கம்பெனியின் டெட்ராய்ட் கிளையில் பொறியாளராக இருந்த ஃபோர்டு, தாம் செய்த பெட்ரோல் வண்டியைப் பற்றி எடிசனிடம் விளக்கியபோது, விடாமல் தொடருமாறு ஊக்கமளித்தவர் எடிசனே! மின்சார வண்டி மின் நிலையத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது, பெட்ரோல் வண்டியோ தன் எரிபொருளைத் தானே சுமந்து செல்லும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

1912-இல் காடிலாக் கார்களில் மின்சாரத்தால் உயிர்கொடுக்கும் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி சுழற்றும் தொல்லையும் ஒழிந்தது. ஸ்டார்ட்டருக்குத் தேவை ஒரு நொடியில் பாயும் பெரும் மின்னோட்டம். எடிசன் மின்கலத்தின் அகமின்தடை மிகுதி. குளிரில் அது மேலும் சோர்ந்துபோகும். எனவே அந்த இடம் காரீய-அமில மின்கலத்திற்கே போயிற்று. 1914 வாக்கில் ஃபோர்டும் எடிசனும் சேர்ந்து விலை குறைந்த மின்சாரக் கார் ஒன்றைத் திட்டமிட்டனர். அதுவும் விற்பனைக்கு வரவில்லை.

ஆயினும் அந்த மின்கலம் வீண்போகவில்லை. எடிசன் எண்ணாத இடங்களில் அது தன் வேலையைக் கண்டுகொண்டது. இரயில் பாதைச் சமிக்ஞைகள், இரயில் பெட்டி விளக்குகள், தொழிற்சாலைகளில் சுமை இழுக்கும் வண்டிகள் ஆகியவற்றில் அது பல்லாண்டுகள் உழைத்தது. எல்லாவற்றிலும் மேலானது சுரங்கத் தொழிலாளரின் தலை விளக்கு. அதுவரை அவர்கள் நெற்றியில் எரியும் தீச்சுடரைச் சுமந்து, தீப்பற்றும் வாயு நிறைந்த சுரங்கத்திற்குள் இறங்கினர். 1910-களின் நடுவில் இடுப்பு வாரில் எடிசன் மின்கலமும் தொப்பியில் மின்விளக்குமாக இறங்கத் தொடங்கினர். வேலை முடிந்ததும் விளக்கை மின்னேற்ற வைத்துவிட்டு, மறுமுறை நிறைவாக எடுத்துச் செல்லலாம். இருளில் நடக்கும் உழைப்பாளிக்கு விளக்கு அணையக் கூடாது என்பதன் பொருள் எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

நிழலும் ஒன்று உண்டு. 1916 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் ஈ-2 என்னும் நீர்மூழ்கிக் கப்பலில், புரூக்ளின் கப்பல் தளத்தில், எடிசன் மின்கலங்கள் வெளிவிட்ட ஹைட்ரஜன் வாயு தேங்கி வெடித்தது. பணியாளர்கள் உயிரிழந்தனர். மின்கலம் வாயு விடுவதும், காற்றோட்டமில்லாத இடத்தில் அது தேங்குவதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது துயரமான சான்று.

எடிசன் 1931 அக்டோபர் 18-ஆம் நாள் மறைந்தார். 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. அவர் தொடங்கிய மின்கலத் தொழில் 1972-இல் வேறொரு கம்பெனியின் கைக்கு மாறியது. 1975-இல் அங்கே நிக்கல்-இரும்பு மின்கல உற்பத்தி நின்றது.

நம் வீட்டில் எடிசன்

ஆனால் கதை அங்கே முடியவில்லை. யுங்னரின் நிக்கல்-காட்மியம் மின்கலத்தை வாயு வெளியேறாதபடி மூடிச் செய்யும் முறை 1940-களின் பிற்பகுதியில் கைகூடியது. அதன்பின் அது கைக்கடக்கமான வீட்டுக் கருவிகளுக்குள் புகுந்தது. காட்மியம் நஞ்சு என்பதால், 1989 முதல் நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலம் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று கடையில் நாம் வாங்கும் 1.2 வோல்ட் மின்னேற்றக் கட்டை பெரும்பாலும் அதுவே. அதன் நேர்மின்வாய் நிக்கல் ஹைட்ராக்சைடு. கரைசல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. எடிசனின் இரும்பு இருந்த இடத்தில் மட்டும் ஹைட்ரஜனை உறிஞ்சி வைக்கும் உலோகக் கலவை இருக்கிறது. 1997-இல் ஜப்பானில் வெளிவந்த பிரியஸ் என்னும் கலப்பு மின்காரை இயக்கியதும் இவ்வகை மின்கலமே. எடிசன் எந்த வாசலில் தோற்றாரோ, அதே வாசலில் அவருடைய நிக்கல் எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து நுழைந்தது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். டார்ச் விளக்கில் மூன்று கட்டைகளும் தொடரிணைப்பில் உள்ளன. மூன்றிலும் ஒரே மின்னோட்டமே பாய்கிறது. நான் போட்டவற்றில் இரண்டு பழையவை, கொள்ளளவு குறைந்தவை. அவற்றுள் மிக வலுவற்றது முதலில் தீர்ந்தது. மற்ற இரண்டும் அதன் வழியே மின்னோட்டத்தை உந்தின. தீர்ந்துபோன கலம் எதிர்த்திசையில் ஏறி மேலும் கெட்டது. ஈ வகையில் ஒரு கலம் நன்றாயிருக்க மற்றொன்று கெட்ட அதே கதை! விளக்கு ஏன் எச்சரிக்கவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. சாதாரணக் கட்டையின் மின்னழுத்தம் தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாகக் குறையும்; வெளிச்சம் மங்கி நமக்கு அறிவிக்கும். நிக்கல் கட்டையோ கடைசி வரை ஏறத்தாழ 1.2 வோல்ட்டைக் காத்து, முடிவில் திடீரென்று விழும். அது அதன் சிறப்பு. அறியாதவன் கையில் அதுவே ஆபத்து.

மாணவத் தோழர்களுக்கு நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கருவிக்கு வேண்டிய கட்டைகளை ஒரே நாளில், ஒரே வகையில், ஒரே கொள்ளளவில் வாங்கி, அவற்றை எப்போதும் ஒரே தொகுதியாகப் பயன்படுத்த வேண்டும். தொகுதிக்கு ஓர் அடையாளம் எழுதி வைப்பது நல்லது. உறையின் மேல் உள்ள மில்லி ஆம்பியர்-மணி எண் பெரிதாக இருப்பது மட்டும் சிறப்பன்று. 2005-இல் எனலூப் என்ற பெயரில் முதலில் வந்து, பின்னர் பல கம்பெனிகளும் செய்யத் தொடங்கிய, தானே மின்னிறங்குதல் குறைந்த வகையில் அந்த எண் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் மின்னேற்றி மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அது பெரும்பங்கைக் காத்து நிற்கும். எப்போதாவது எடுக்கும் டார்ச்சுக்கு அதுவே ஏற்றது.

எல்லாவற்றுக்கும் மின்னேற்றக் கட்டைதான் வேண்டும் என்பதும் இல்லை. சுவர்க் கடிகாரமும் தொலைக்காட்சி ரிமோட்டும் மிகச் சிறிய மின்னோட்டத்தையே உறிஞ்சுகின்றன. சாதாரணக் கட்டையே அவற்றில் நெடுநாள் வரும். அடிக்கடி தீர்ந்துபோகும் டார்ச், விளையாட்டுப் பொருள், புகைப்படக் கருவி போன்றவற்றில்தான் மின்னேற்றக் கட்டை தன் விலையைத் திருப்பித் தரும். எடிசன் மின்கலம் ஸ்டார்ட்டருக்குத் தோற்றுச் சுரங்க விளக்குக்கு வென்றதை இங்கே நினைவிற் கொள்க.

மின்னேற்றி வாங்கும்போது, ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே அளந்து, நிறைந்ததும் தானே நிறுத்தும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரணக் கட்டையை ஒருபோதும் மின்னேற்றியில் வைக்கலாகாது. உள்ளே வாயு உண்டாகி அது கசியவோ வெடிக்கவோ கூடும். அளவிலும் வடிவிலும் ஒத்திருக்கிறதே என்று 3.7 வோல்ட் லித்தியம் கலத்தை 1.5 வோல்ட் கட்டையின் இடத்தில் போட்டால் கருவி பாழாகும். பயன் தீர்ந்த கட்டைகளை என் தந்தையார் போல வேலியோரம் வீசாமலும், குப்பையில் கலக்காமலும், தனியே சேர்த்துச் சேகரிப்பவரிடம் தர வேண்டும். 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும் அதையே வலியுறுத்துகின்றன.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரே வகையான ஆறு புதிய கட்டைகளும் ஒரு மின்னேற்றியும் வாங்கிச் சென்றேன். மூன்று விளக்கில், மூன்று மின்னேற்றிய நிலையில் அவர் சட்டைப் பையில். அவற்றைக் கொடுக்கும் முன் தந்தையாரிடம், அன்றிரவு விளக்கு அணைந்தது அவர் தவறால் அன்று, நான் பழையதையும் புதியதையும் கலந்து போட்ட தவறால் என்று சொன்னேன். சொல்வதற்கு எனக்கு ஓராண்டு ஆயிற்று. அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஐம்பத்தேழு வயதில், உலகப் புகழின் உச்சியில் இருந்த ஒருவர், தம் பெயர் பொறித்த பொருளில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றார். பட்டம் பெற்று நாளை பல பணிகளுக்குச் செல்லவிருக்கும் நாம் செய்து தரும் பொருள்களையும் சொல்லும் சொற்களையும் நம்பி இருட்டில் நடப்பவர்கள் இருப்பார்கள். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்புவார்கள். தவறு நேர்ந்தால் தம்மையே நொந்துகொள்வார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் தர வேண்டிய விலை, தவறு நம்முடையது என்றால் அதை நாமே முன்வந்து சொல்வதுதான். எடிசனின் ஆயிரம் காப்புரிமைகளில் ஒன்றேனும் நமக்கு வாய்க்குமோ வாய்க்காதோ, இந்த ஒரு பண்பு நம் எல்லோருக்கும் எட்டக்கூடியதே.